கோட்டுக்கு ஒரு சாண்

கொஞ்சம் காலை உள்ள இழுத்துக்கிடுங்க அண்ணாச்சி. எடம் பத்தலன்னு சொல்லல. நீட்டுன காலைக் கண்டா என் கை சும்மா கெடக்காது, அதான். கபடியில அஞ்சு வருசம் லெஃப்ட் கார்னர் நின்னவன் நான். கார்னர்னா தெரியும்லா? ஓரத்துல குனிஞ்சி நிப்பான். 'கபடி கபடி'ன்னு பாடிக்கிட்டு வாரவன் காலை எப்பம் நீட்டுவான்னு பாத்துக்கிட்டே நிப்பான். நீட்டுனானா, தீந்தான். போன பொங்கலுக்கு எங்கக்கா மாப்பிள்ளை காலை நீட்டி டி.வி. பாத்துக்கிட்டிருந்தாரு. தண்ணிச் செம்போட போன நான் செம்பைப் போட்டுட்டு அவரு குதிங்காலைப் பிடிச்சிட்டேன். மனுசன் என்னா ஏச்சு ஏசுனாரு தெரியுமா!

ஓ, முட்டிக்கு உறை போட்டிருக்கீங்களோ? எடது முட்டியா? தேய்மானமா? அப்பம் நீட்டியே வைங்க. நான் கையக் கட்டிக்கிடுதேன்.

நான் ஆனைவிளைக்கு ரோடு பிரியுத விலக்குல எறங்கணும். இன்னும் முக்கா மணி நேரம் ஆகும்னாரு கண்டக்டர். ஒங்கள ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? ஒரு விசயம் சொல்லுதேன். கேட்டுட்டு, சரியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. அங்க போயி ஒருத்தன்ட்ட இதைச் சொல்லணும். நேத்துலருந்து வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பாக்கேன். சவம், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருது.

இந்தப் பேப்பரப் பாருங்க. வக்கீல் அடிச்சிக் குடுத்தாரு. 'மேற்படி காயம் விளையாட்டின்போது தற்செயலாக ஏற்பட்டது. மாசானமுத்து என்பவர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை.' மாசானமுத்து நாந்தான். கீழ லிங்கதுரை கையெழுத்துப் போடணும். போட்டான்னா எனக்குப் போலீஸ் வேலை. கபடி கோட்டாவுல எடுத்துட்டாங்க அண்ணாச்சி. ஓட்டம், தாண்டல், எல்லாம் முடிஞ்சி லிஸ்ட்டுல பேரும் வந்தாச்சு. எம்மேல ஒரு கேஸ் கெடக்கு, அதுல வந்து நிக்கி. துரையோட அப்பா குடுத்த கேஸு. வார திங்கக்கெழமைக்குள்ள இது போயிச் சேரலன்னா எனக்கு அடுத்தவனைக் கூப்பிட்டுருவாங்க.

துரைதான் போன் போட்டான். ரெண்டு வருசம் கழிச்சி அவன் குரலக் கேக்கேன். "வா. கையெழுத்துப் போடுதேன். ஆனா அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நீ ஒன் வாயால ஒரு தடவ சொல்லணும்"னான். அவ்வளவுதான் கேட்டான், வேற ஒண்ணும் கேக்கல. இது என்ன கோட்டித்தனம், கிறுக்குத்தனம் பாருங்க. அவனுக்குத் தெரியாதா என்ன நடந்துச்சுன்னு? அவன் முட்டி, அவனுக்குத் தெரியாதா?

நானும் அவனும் ஒரே காலேஜு. பேரு எதுக்கு, விடுங்க. பெரிய மொதலாளி இருந்த வரைக்கும் கபடின்னா அவருக்கு உசுரு. ஊர் ஊரா டோர்னமென்ட் பாக்க வருவாரு. நல்லா ஆடுதவனக் கண்டா அங்கனயே தோளப் பிடிச்சி, "ஏல, காலேஜுக்கு வா. படிப்பு சும்மா, ஹாஸ்டல் சும்மா, சோறு சும்மா"ன்னுருவாரு. அப்படித்தான் என்னையும் தூக்குனாரு, துரையையும் தூக்குனாரு. எங்கப்பா உப்பளத்துல கெடக்காரு. அவங்கப்பாவுக்குச் செங்கச்சூளை. ரெண்டு குடும்பத்துலயும் காலேஜ் கேட்டை உள்பக்கமிருந்து பாத்தது நாங்க ரெண்டு பேருதான்.

அவன் ரைடர். ஒல்லிக்குச்சியா இருப்பான். கோட்டத் தாண்டி உள்ள வந்துட்டான்னா எங்கயிருந்து தொட்டான்னே தெரியாது, தொட்டுட்டுப் போயிருவான். நான் பிடிக்கிறவன். அவன் ஓடணும், நான் பிடிக்கணும், அதுக்குத்தான் எங்களுக்குச் சோறு. ஒரே தட்டுல தின்னோம் அண்ணாச்சி, ரெண்டு வருசத்துக்கு மேல. இதை மட்டும் மறக்காமச் சொல்லணும் அவன்ட்ட.

எங்க டீமுல ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சண்டையானாலும் பேசித் தீக்கக் கூடாது, கோட்டுலதான் தீக்கணும். ஃபேனுக்கு அடியில யாரு படுக்க, மெஸ்ஸுல மிஞ்சின முட்டை யாருக்கு, எல்லாம் கோட்டுலதான். ஒருத்தன் பாடிட்டு வருவான், ஒருத்தன் பிடிப்பான். தொட்டுட்டுக் கோட்டுக்குத் திரும்புனா வந்தவனுக்கு, பிடிபட்டா பிடிச்சவனுக்கு. ஜெயசிங் சாருதான், எங்க பி.டி. சாரு, ஆரம்பிச்சி வச்சாரு. "வாய் எதுக்குலே? காலு இருக்கு, கை இருக்கு"ம்பாரு. மீறிப் பேசுனா வெளக்குமாத்துக் கட்டையால முழங்காலுக்குக் கீழ வெளுத்துருவாரு. ஒரு தடவ என் கெண்டைக்கால் பிஞ்சி ரத்தம் ஷூவுக்குள்ள எறங்கிச்சு. நல்ல மனுசன். பெத்த பிள்ளையாட்டம் பாத்தாரு எங்களை.

தோத்தவன் மறுநாளு ஒரு தடவ திருப்பிக் கேக்கலாம். மறுபாட்டுன்னு சொல்லுவோம். கேட்டாக் குடுத்துரணும், மாட்டேன்னு சொல்லக் கூடாது. அதான் எங்க சட்டம்.

மூணாவது வருசத் தொடக்கத்துல பெரிய மொதலாளி செத்துப் போனாரு. மவன் வந்து ஒக்காந்தாரு. ஒருநா மத்தியானம் மெஸ் போர்டுல நோட்டீஸ் தொங்குது. கபடி அணி கலைக்கப்படுது, விளையாட்டுச் சலுகை ரத்து, ஃபீஸ் கட்டுதவன் படிக்கலாம், மத்தவன் பத்து நாளுக்குள்ள ஹாஸ்டலைக் காலி பண்ணணும். கிரவுண்டுல ஃபார்மசிக் கட்டடம் வரப் போவுதாம். வெளிய வந்து பாக்கோம், எங்க கோட்டு மேலயே ஜே.சி.பி. நிக்கி.

பன்னெண்டு பேரு அண்ணாச்சி நாங்க. ஒருத்தன் வீட்டுலயும் ஃபீஸ் கட்ட வழி கெடையாது. எங்க டீமுல கவர் எடத்துல ஆடுதவன் ஒருத்தன் உண்டு, மெஸ் போர்டைப் பிடுங்கி வார்டன் மண்டையில போட்டான். அந்த மனுசன் என்ன பண்ணுவாரு பாவம், ரசம் ஊத்திக்கிட்டிருந்தாரு. ஏழு தையலு. ரசத்துல ரத்தம் கலந்து மேசை பூரா ஓடுது. பக்கத்துல இருந்தவனுவ தட்டைத் தூக்கிட்டு ஓடுதானுவ.

ஜெயசிங் சார் மொதலாளி ரூமுக்குப் போனாரு. ஒரு மணி நேரம் கழிச்சி வெளிய வந்தாரு. மொகமே செத்துக் கெடந்துச்சு. "ஒருத்தனுக்கு மட்டும் சீட்டு குடுக்காராம். காலேஜ் புத்தகத்துல போட்டோ போட ஒரு கபடிக்காரன் வேணுமாம். யாருன்னு நான் சொல்ல மாட்டேன். கோட்டுல தீத்துக்கிடுங்க"ன்னாரு.

பன்னெண்டு பேரும் ஒண்ணாப் போயி அந்த ரூமு வாசல்ல ஒக்காந்திருக்கலாம்லான்னு இப்பம் ஆளாளுக்குச் சொல்லுதாவ. அப்பம் யாருக்கும் தோணல அண்ணாச்சி. எங்களுக்குத் தெரிஞ்சது கோடு ஒண்ணுதான்.

மூணு நாளு ஆடுனோம். மொத நாளு சிரிச்சிக்கிட்டே ஆடுனோம். ரெண்டாம் நாளு சிரிப்பு நின்னு போச்சு. ஒருத்தனுக்கு மூக்குத் தண்டு ஒடைஞ்சி பல்லெல்லாம் செவப்பா நின்னான். ஒருத்தனுக்குத் தோளு எறங்கிட்டு. எறங்குன தோளோட இன்னொரு தடவ பாடப் போனான் அந்தக் கோட்டிப்பய, மண்ணுல தலைகீழாப் போட்டானுவ. எங்க கேப்டன் என் காதைக் கடிச்சான். இந்தா பாருங்க, இங்கன கொஞ்சம் சதை இல்லல்லா? நான் அவன் தலையத் தரையில இடிச்சேன், எத்தன தடவன்னு எண்ணல. போட்டி முடிஞ்சி அவன் எந்திச்சி, வாயத் தொடச்சிக்கிட்டு, பொட்டியத் தூக்கிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டான். யார்ட்டயும் சொல்லிக்கிடல.

மூணாம் நாளு மிஞ்சுனது நானும் துரையும்.

அஞ்சு பாயிண்டு. மொதல்ல அஞ்சு எடுத்தவனுக்குச் சீட்டு. தோத்துப் போனவனுவ கொஞ்சம் பேரு சுத்தி நிக்கானுவ. நாலுக்கு நாலு வந்து நின்னுட்டு. கடைசிப் பாட்டு அவனுக்கு. வந்தான், தொட்டான், திரும்புனான். நான் பாஞ்சி காலப் பிடிச்சேன். அவன் பாட்டை விடல, அதனால நான் பிடிய விடல. இழுபறியில முட்டி போயிட்டு. அவ்வளவுதான். அவன் மேல எனக்கென்ன கோவம்? எந்த முட்டி நல்ல முட்டி, எந்த முட்டி கெட்ட முட்டின்னு எனக்கென்ன தெரியும்? ஆட்டத்துல நடந்தது. இப்படிச் சொன்னாப் போதும்லா அண்ணாச்சி? சரியா இருக்குல்லா?

அப்புறமா? அப்புறம் என்ன, என்னைய அடிச்சானுவ. சுத்தி நின்னவனுவ பூரா மேல விழுந்தானுவ. என் கூட முட்டைக்கு மல்லுக்கட்டுனவனுவ எல்லாம். ஒருத்தன் என் கழுத்துல முட்டி போட்டு அமுக்க, ஒருத்தன் வாயில மிதிச்சான். முன்பல்லு ரெண்டும் கட்டுன பல்லுதான், பாருங்க. மண்ணோட சேத்து முழுங்கிட்டேன் அந்தப் பல்லை. துரை அந்தப் பக்கம் கெடந்து அலறுதான். ஜெயசிங் சாரு வாயில விசிலோட அப்படியே நிக்காரு. ஒருத்தனையும் வெலக்கல. எப்படி இருக்கும் எனக்கு, சொல்லுங்க?

என்னைய அடிச்சும் ஆத்திரம் ஆறல அவனுவளுக்கு. ஜே.சி.பி. பக்கத்துல கெடந்த கம்பியத் தூக்கிட்டு ஆபீஸுக்கு ஓடுனானுவ. கண்ணாடி ஒண்ணு விடல. பெரிய மொதலாளி படத்தைக்கூட விடல. வாச்சுமேன் தடுத்தாரு, அவரு மணிக்கட்டுல ஒரே போடு. மொதலாளி பாத்ரூமுக்குள்ள போயித் தாப்பாப் போட்டுக்கிட்டாராம். கதவைப் பாதி பேத்துட்டானுவ, அதுக்குள்ள போலீஸ் வண்டி வந்துட்டு. அவங்க பங்குக்கு அவங்க அடிச்சாங்க. மண்ணுல கெடந்த என்னையும் சேத்துத்தான் லத்தியால.

மறுநாளு அந்த ஒரு சீட்டும் இல்லன்னுட்டாங்க. கபடிக்காரன் ஒருத்தனும் வேண்டாமாம். ஜெயிச்சது நாந்தான் அண்ணாச்சி. அதை ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான். ஊருல எல்லாவனும் "துரைக்குக் காலு போச்சே, படிப்பு போச்சே"ம்பான். எனக்கும் தான படிப்பு போச்சு? நானும் தான மூணாவது வருசத்துல பாதியில நின்னேன்? டிகிரி இல்ல எனக்கும்.

போன வருசம் ஒரு தடவ மன்னிப்புக் கேக்கலாம்னு போனேன். அவங்கப்பா அருவாளத் தூக்கிட்டு இந்த விலக்கு வரைக்கும் தொரத்துனாரு. சட்டை முதுகுல கிழிஞ்சிட்டு. நூல் பிசகியிருந்தா முதுகுதான். திரும்பிப் பாக்கேன், துரை வாசல்ல கம்பை ஊனிக்கிட்டு நிக்கான். சத்தங் குடுத்து அப்பாவத் தடுத்திருக்கலாம்லா? குடுக்கலையே. பாத்துக்கிட்டே நின்னான்.

கேட் போட்டுட்டான் பாருங்க, நெனச்சேன். ரயிலு எப்பம் வருமோ.

என்ன கேட்டீங்க? விசிலா?

அடிச்சாரு. வாயில விசில் இருந்துச்சுன்னேம்லா, அடிச்சாருதான். ஆனா பாட்டு ஓடிக்கிட்டிருக்கும்போது விசிலுக்குக் கைய எடுத்தா, அவன் எந்திச்சிக் கோட்டத் தொட்டுருவான் அண்ணாச்சி. ஒங்களுக்கு அந்த ஆட்டம் தெரியாது. சரி, எத்தனை விசில்? மூணு. நாலுகூட இருக்கும். இதெல்லாம் அவன் கேக்கவா போறான்?

கேப்பான். கேப்பான், அவன் கேப்பான்.

அன்னைக்குக் காலையில பாத்ரூமுல வச்சி நாந்தான் அவனுக்குக் கட்டுப் போட்டுவிட்டேன். எப்பவும் நாந்தான் போடுவேன். எடது முட்டியில சவ்வு லேசாக் கிழிஞ்சிருந்துச்சு, ஒரு வருசமா. ஜெயசிங் சாருக்குத் தெரியாது, காலேஜுக்குத் தெரியாது. தெரிஞ்சா டீமுலருந்து எடுத்துருவாங்க, சோறு போயிரும்லா. அதனால மேல டிராக் பேண்டைப் போட்டு மறைச்சிக்கிடுவான். "நீ கட்டுனாத்தாம்லே நிக்கும்"பான். அன்னைக்கும் அப்படித்தான், தொட்டி மேல காலைத் தூக்கி வச்சான். நான் சுத்துதேன். முடிச்சுப் போட்டதும் என் தலையில ஒரு தட்டுத் தட்டிட்டு, "பாத்துப் பிடி"ன்னான். சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னான்.

என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்கீங்க? தெரியாதுன்னு சொன்னேன்தான். கட்டுப் போடத் தெரியும்ங்கேன். ஆட்டத்துல எல்லாம் மறந்துரும்லா. ஓடி வாரவன் காலுல எடது எது, வலது எதுன்னா பாத்துக்கிட்டிருக்க முடியும்?

ஒங்களுக்கு எப்படின்னு காட்டுதேன், அப்பம்தான் புரியும். அவன் இந்தப் பக்கமா வந்து என் தோளத் தொட்டுட்டான். திரும்பிட்டான். நான் கரண்டைக்காலுக்குத்தான் பாஞ்சேன், எங்காத்தா சத்தியமா. வேர்வையில வழுக்கிட்டு. கை மேல ஏறுச்சு. முட்டி கெடைச்சுது. இப்படி, ஒரு கை முட்டிக்குப் பின்னால, ஒரு கை முன்னால. நான் போட்ட முடிச்சு விரல்ல தட்டுச்சு அண்ணாச்சி. பேண்டுக்குள்ளருந்து தட்டுச்சு. அப்பம் தெரிஞ்சிட்டு.

குப்புற விழுந்தான். ஊர்ந்துக்கிட்டே கையை நீட்டுதான். கோட்டுக்கு ஒரு சாண். மண்ணு வாய்க்குள்ள போவுது, அப்பவும் பாடுதான். நான் இப்படி இறுக்கிப் பிடிச்சி, ஒடம்பு மொத்தத்தையும் போட்டு வெளிப்பக்கமா முறுக்குதேன். அப்பம்தான் சொன்னான், "விடுலே மாசானம்"னு.

பாட்டுக்கு நடுவுல வேற ஒரு வார்த்தை வந்துட்டா ஆள் அவுட்டு. அந்த ஒரு வார்த்தையில சீட்டை எனக்குக் குடுத்துட்டான். அது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சிதான் சொன்னான், அவ்வளவு வலி அவனுக்கு. மூணு தடவ சொன்னான். விசிலும் அடிச்சாச்சு. நான் ஜெயிச்சாச்சு. எந்திச்சிப் போயிருக்கலாம்.

மறுபாட்டுக் கேப்பான்லா அண்ணாச்சி! மறுநாளு கேட்டாக் குடுக்கணும்லா! அவன் என்னைய விட ஆட்டக்காரன். கட்டுன முட்டியோட நாலு பாயிண்டு எடுத்தவன் மறுநாளு என்னைய விடுவானா? எனக்கு அது ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடுது. மறுநாளு இவன் எந்திக்கக் கூடாது, மறுநாளு இவன் எந்திக்கக் கூடாதுன்னு. இன்னொரு முறுக்கு முறுக்குனேன். முருங்கைக்காய ஒடிச்ச மாதிரி ஒரு சத்தம்.

ச்சே. இதைச் சொல்ல முடியுமா அவன்ட்ட? இதைச் சொன்னா எவன் கையெழுத்துப் போடுவான்? இதை விட்டுருவோம். விசில் காதுல விழல, அவன் சொன்னதும் காதுல விழலன்னு சொல்லிருதேன். ஆட்டச் சூட்டுல காது கேக்காதுலா? நீங்க சொல்லுங்க, கேக்காதுலா?

என்ன அண்ணாச்சி, மொகமெல்லாம் இப்படி வேர்க்கு? பல்லைக் கடிக்கீங்க?

ஐயையோ. என் கையி. ஒங்க முட்டியில... எப்பம் பிடிச்சேன்? விட்டுட்டேன், இந்தா, விட்டுட்டேன். ஐயோ, உறை வேற பிரிஞ்சி தொங்குதே. வலிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? சொன்னீங்களா? எத்தனை தடவ? முன்னால இருக்க அக்காவும் விடுப்பா விடுப்பான்னு சத்தம் போட்டாங்களா? எனக்குக் கேக்கவே இல்லையே. சத்தியமாக் கேக்கல அண்ணாச்சி.

பாத்தீங்களா? கேக்காதுன்னேம்லா! இதைத்தான நானும் சொல்லுதேன்! இதையே அவன்ட்ட சொல்லிருவேன். பஸ்ஸுல ஒரு அண்ணாச்சி முட்டிய இப்படித்தான் தெரியாமப் பிடிச்சிட்டேன், அவரு கத்துனது எனக்குக் கேக்கல, அவரைக் கேட்டுப் பாருன்னு சொல்லுவேன்.

கேட் தெறந்துட்டான். வண்டி நகருது. அந்தா தெரியுதுல்லா வேப்பமரம், அதான் விலக்கு.

பேப்பர் கீழ விழுந்துட்டா? குடுங்க. அண்ணாச்சி, நான் எறங்குததுக்கு முன்னால ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க. தெரியாமத்தான் பிடிச்சேன்னு சொல்லுங்க. இப்பம் ஒங்களைப் பிடிச்சதைத்தான் கேக்கேன், துரைய இல்ல. எனக்கும் ஒங்களுக்கும் என்ன பகை? பேரு கூடத் தெரியாது. ஒங்க முட்டிய ஒடைச்சி எனக்கு என்ன கெடைக்கப் போவுது? தெரியாமத்தான பிடிச்சேன்?

எறங்குதேன் கண்டக்டரே, இந்தா எறங்குதேன், விசில் அடிக்காதீங்க.

சொல்லுங்க அண்ணாச்சி. ஏன் காலை உள்ள இழுத்துக்கிட்டீங்க?